பிளாஸ்மா மாற்றிய அப்பாவை ஆடி அமாவாசைக்கு அழைத்துப் போகலாமா?

கல்லிடைக்குறிச்சி மகள்:
அப்பாவுக்கு 66 வயது. வால்டன்ஸ்ட்ராம் என்ற ரத்தப் புற்றுநோய். மூக்கில் ரத்தம் வடிந்துகொண்டே இருந்தது. பஸ்ஸின் ஊர்ப்பெயர்கூடத் தெரியாத அளவு பார்வை மங்கியது. ஐஜிஎம் புரதம் மிகுந்து ரத்தம் தடித்துவிட்டது என்று இரண்டு முறை பிளாஸ்மாவை, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதியை, எடுத்து மாற்றினார்கள். ரத்தம் நின்றது, பார்வையும் தெளிந்தது. ஆனால் ஐஜிஎம் 6,200-இலிருந்து 2,400 ஆனதோடு, எதிர்ப்புப் புரதமான ஐஜிஜியும் 510-இலிருந்து 210 ஆகிவிட்டது. எதிர்ப்புச் சக்தியையும் சேர்த்து வடித்துவிட்டோமா? தினமும் மூன்று முட்டை கொடுக்கிறேன். அப்பாவோ பாபநாசத்தில் முங்கித்தான் தர்ப்பணம் என்கிறார்.

அம்பை வாசகி:
என் அத்தானுக்கு மைலோமா என்ற ரத்தப் புற்றுநோயில் இதைச் செய்தார்கள். நடுவில் உதடு மரத்துப்போனது. கால்சியம் ஏற்றியதும் சரியாயிற்று. பயப்படாதீர்கள்.

பாளையங்கோட்டை, ரத்த வங்கியில் இருந்தவன்:
தங்கச்சி, வடித்தெடுத்த பிளாஸ்மா பையைப் பலமுறை கையில் ஏந்தியிருக்கிறேன். நல்லெண்ணெய் போல மெல்ல அசையும் மஞ்சள் நீர். கெட்ட ஐஜிஎம்மோடு நல்ல எதிர்ப்புப் புரதங்களும், ரத்தம் உறைய உதவும் ஃபைப்ரினோஜனும் அதில் போய்விடும். ஈடாக ஏற்றும் அல்புமின் என்ற புரதக் கரைசலில் எதிர்ப்புப் புரதம் கிடையாது. வெள்ளை அணுக்கள் உடம்புக்கே திரும்பிவிடும்.

ஐஜிஎம்மில் ஏறத்தாழ 80 சதவீதம் ரத்தக் குழாய்க்குள்ளேயே இருப்பதால் சட்டென்று இறங்கும். ஐஜிஜியில் பாதிக்கு மேல் திசுக்களில் இருக்கிறது; அங்கிருந்து ஓரிரு நாளில் கொஞ்சம் ரத்தத்துக்கு ஊறி வரும். ஃபைப்ரினோஜன் இரண்டு மூன்று நாளில் தேறும். ஆனால் உங்கள் அப்பாவுக்கு முன்பே 510 என்று குறைவாகத்தானே இருந்தது? அது நோயின் வேலை. முட்டை உடம்புக்கு நல்லது, ஐஜிஜியை ஏற்றாது. மறுபடி அளந்து, இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரத மருந்தை ஏற்ற வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

பிளாஸ்மா மாற்றுவது கிணற்றை இறைப்பதுதான். ஊற்று எலும்பு மஜ்ஜையில் இருக்கிறது. மருந்து தொடங்காவிட்டால் ஐஜிஎம் சில வாரத்தில் ஏறிவிடும். அந்த மருந்து ரிட்டுக்சிமாப் என்றால் பிளாஸ்மா மாற்றிய பிறகே போட வேண்டும். முன்னால் போட்டால் அதுவும் பைக்குள் போய்விடும்.

பாபநாசத்துக் கூட்டமும் ஆற்று முழுக்கும் இந்த ஆண்டு வேண்டவே வேண்டாம். காய்ச்சல் 100.4-ஐத் தொட்டால், விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கல்லிடைக்குறிச்சி மகள்:
நன்றி அண்ணாச்சி. நீங்கள் எழுதியதை வாசித்துக் காட்டினேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, முற்றத்திலேயே எள்ளும் நீரும் இறைக்கிறேன் என்றார். ஐஜிஜி பரிசோதனைக்கு வியாழக்கிழமை ரத்தம் கொடுக்கிறோம்.