மறுமொழி: வோர்ட், மால்ட் எக்ஸ்ட்ராக்ட் – தமிழில் என்ன சொல்வது?

வணக்கம்.

கோதுமை பியர் செய்முறையைத் தமிழில் எழுத ஆரம்பித்து, 'மால்ட் எக்ஸ்ட்ராக்ட்' என்ற பெயரிலேயே எல்லாரும் சிக்கிக்கொண்டோம். அதற்கு முந்தைய பொருளுக்குப் பெயர் வைக்காமல் இதற்கு வைக்க முடியாது என்பது என் எண்ணம். அந்த முந்தைய பொருள்தான் வோர்ட். பொடித்த மால்ட்டை (முளைகட்டி உலர்த்திய தானியம்) ஏறத்தாழ 65 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் வைத்தால் மாச்சத்து சர்க்கரையாகிவிடும். பிறகு வடித்தெடுக்கும் இனிப்பு நீர் வோர்ட். ஆலையில் அதையே காற்றழுத்தம் குறைத்து, அதிகம் சூடாக்காமல் வற்றவைத்து டப்பாவில் அடைத்தால் எக்ஸ்ட்ராக்ட். ஆக, இரண்டும் ஒரே பொருள், நீரளவில்தான் வேறுபாடு. பெயர்களும் ஒரே வேரிலிருந்து வர வேண்டும்.

> மால்ட் சாறு என்றாலே போதுமே ஐயா, எல்லாருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். சாறு என்றால் பிழிந்தது. இங்கே யாரும் எதையும் பிழிவதில்லை. அது மட்டுமல்ல, சாறு என்று படித்தவர் அதைத் தண்ணீர் போல இருக்கும் என்று நினைத்து, அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போதே பானையில் ஊற்றிவிடுவார். அது நேராக அடியில் போய் உட்கார்ந்து, கிளறுவதற்குள் கருகி ஒட்டிக்கொள்ளும். அந்தக் கருகல் வாடை கடைசிப் புட்டி வரை போகாது. தீயை அணைத்துவிட்டு ஊற்ற வேண்டும், அடியில் எதுவும் தட்டுப்படாத வரை கிளற வேண்டும், அப்புறம்தான் மறுபடி பற்றவைக்க வேண்டும். 'பாகு' என்று பெயர் வைத்தால் இந்த எச்சரிக்கையில் பாதி பெயரிலேயே வந்துவிடும். பாகு அடிப்பிடிக்கும் என்று அடுப்படியில் நின்ற எவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

> வோர்ட்டுக்கு 'மாவூறல்', அல்லது 'தீநீர்'. தீம் என்றால் இனிமைதானே?

இரண்டுமே ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கின்றன. ஊறல் என்றதும் செய்தித்தாளில் வரும் 'சாராய ஊறல் அழிப்பு'தான் நினைவுக்கு வரும். அது நொதித்துக்கொண்டிருக்கும் கலவை. வோர்ட்டோ ஈஸ்ட் இன்னும் தொடாதது. தீநீர் அழகான சொல்தான். ஆனால் சித்த மருத்துவத்தில் ஓமத் தீநீர் என்பது காய்ச்சி வடித்தெடுத்தது. நம் பொருளுக்கு அந்தக் குழப்பம் வேண்டாம்.

என் முன்மொழிவு: வோர்ட் – வடிநீர். திரவ எக்ஸ்ட்ராக்ட் – வடிபாகு. உலர் எக்ஸ்ட்ராக்ட் – வடிதூள். தேவைப்படும் இடத்தில் முன்னால் 'மால்ட்' சேர்த்துக்கொள்ளலாம். மால்ட்டை மால்ட்டாகவே விட்டுவிடலாம். 'முளைதானியம்' என்றால் முளை கட்டியதோடு நின்றுவிடுகிறது, உலர்த்தி, வேரைத் தட்டி எடுத்த பிறகு அது வேறு பொருள்.

'வடி' என்றால் சாராயம் வடிப்பது ஆகாதா என்று ஒருவர் கேட்பார். நியாயமான கேள்வி. ஆனால் 'காய்ச்சி' என்று முன்னால் சேர்ந்தால்தான் அந்தப் பொருள் உறுதிப்படும். வெறும் வடித்தல் கசடை நீக்குவதுதான். கோதுமை பியருக்கு அந்தச் சொல்லில் இன்னொரு பொருத்தமும் இருக்கிறது. கோதுமைக்கு உமி கிடையாது. பார்லியின் உமிதான் பானையின் அடியில் படுகையாகி வடிகட்டியாக வேலை செய்கிறது. முழுக்கக் கோதுமையைப் போட்டால் களியாகிப் படுகை அடைத்துக்கொள்ளும், சொட்டுக்கூட இறங்காது. அதனால்தான் ஜெர்மன் கோதுமை பியரில் பாதிக்குக் குறையாமல் கோதுமை மால்ட் இருக்க வேண்டும் என்று விதி இருந்தாலும், மீதியைப் பார்லியால் நிரப்புகிறார்கள். கடையில் 'கோதுமை' என்று விற்கும் பாகிலும் பெரும்பாலும் பார்லி கலந்திருக்கும். பாகு வாங்குகிறவர் காசு கொடுத்துத் தவிர்ப்பது இந்த வடிக்கிற தொல்லையைத்தான்.

> கோதுமைத் தேறல்! சங்கச் சொல் இருக்க ஏன் பியர்?

ஆசை எனக்கும் உண்டு. ஆனால் தேறல் என்பது தெளிந்தது. இந்த பியரின் அடையாளமே கலங்கல். ஈஸ்ட்டும் புரதமும் மிதப்பதால் வருவது. வடிகட்டித் தெளிய வைத்த வகையும் உண்டு, அதற்கு வேண்டுமானால் தேறலைக் கொடுக்கலாம். பழைய சொல்தான் வேண்டும் என்றால் பெரும்பாணாற்றுப்படையில் வரும் 'துழவை'யை எடுங்கள். அங்கே அது கள் ஆக்குவதற்காக அரிசியைத் துழாவிச் சமைத்த கூழ். பொடித்த மால்ட்டும் வெந்நீரும் கலந்த குழம்புக்கு இதைவிடப் பொருத்தமாக எதுவும் கிடைக்காது. அதே நூலில் வீட்டில் ஆக்கிய கள்ளுக்கு 'இல்லடு கள்' என்று வருகிறது. தலைப்பில் 'இல்லடு பியர்' என்று போட்டால் படிப்பவர் ஒரு நொடி தடுக்கி விழுவார், பரவாயில்லை என்றால் போடலாம். எனக்கு 'வீட்டு பியர்' போதும்.

ஈஸ்ட்டுக்கு 'நொதியம்' என்ற யோசனையை மட்டும் தயவுசெய்து கைவிடுவோம். இலங்கைப் பாடநூல்களில் நொதியம் என்றால் என்சைம், தமிழ்நாட்டில் அதுவே நொதி. துழவையில் மாச்சத்தைச் சர்க்கரையாக்குவது என்சைம். வடிநீரில் சர்க்கரையைச் சாராயமாக்குவது ஈஸ்ட். இந்த பியரின் வாழைப்பழ மணமும் கிராம்பு மணமும்கூட அதற்கென்று இருக்கும் ஈஸ்ட் வகை தருபவைதான். ஒரே செய்முறையில் இரண்டும் வரும்போது பெயர் ஒன்றானால் கதை கந்தலாகிவிடும். (1897இல் ஜெர்மன் வேதியியலாளர் புக்னர் உயிருள்ள ஈஸ்ட் இல்லாமலேயே, அதன் சாற்றைக் கொண்டே சர்க்கரையை நொதிக்கச் செய்து காட்டினார். எனவே 'நொதித்தல்' என்ற வினை இரண்டுக்கும் உறவுதான், பெயர்ச்சொல்லில்தான் சண்டை.)

சொல் நிற்குமா என்று வாக்கியத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்:

"தண்ணீரைச் சூடாக்கித் தீயை அணைக்கவும். 3 கிலோ கோதுமை வடிபாகை ஊற்றிக் கரையும்வரை கிளறவும். வடிநீர் மறுபடி கொதிக்கத் தொடங்கும்போது நுரை பொங்கும், பக்கத்திலேயே நிற்கவும். நுரை அடங்கியதும் 4% ஆல்ஃபா அமிலம் (கசப்பைத் தருவது) உள்ள ஹாப்ஸ் பூ 25 கிராம் சேர்த்து ஒரு மணி நேரம் கொதிக்கவிடவும். விரைவாக ஆறவைத்து, கிருமிநீக்கிய கலத்துக்கு மாற்றி, மொத்தம் 20 லிட்டராக்கவும், அடர்த்தி (தண்ணீர் 1.000 என்ற கணக்கில்) 1.045 அளவில் இருக்கும். வடிநீர் 20 டிகிரிக்குக் கீழே வந்த பிறகே ஈஸ்ட் இடவும். அடர்த்தி இறங்கி, சில நாள் மாறாமல் நின்ற பிறகு, லிட்டருக்கு 7 கிராம் சர்க்கரை சேர்த்துக் கனமான புட்டிகளில் அடைக்கவும்."

எனக்கு எங்கும் இடறவில்லை. 'வடிதூள்' மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது, தூளை எப்படி வடிப்பது என்று. வடிநீரை உலர்த்திய தூள் என்று விளக்கத்தில் ஒரு வரி எழுதிவிட்டால் சரி. மறுப்பு இல்லை என்றால் வடிநீர், வடிபாகு, துழவை மூன்றையும் சொற்பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். வடிதூளுக்கு மேலான சொல் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.