கால்முட்டுத் தேய்மானத்துக்கு முதலில் எது: ஊசியா, உடற்பயிற்சியா?

மேலப்பாளையம் மகள்:
சுளகை மடியில் வைத்து, சம்மணமிட்டுப் பீடி சுற்றியே எங்களை வளர்த்தவர் என் அம்மா. வயது அறுபதைத் தாண்டிவிட்டது, சர்க்கரை நோயும் இருக்கிறது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம் என்று எக்ஸ்ரேயில் தெரிந்த பிறகு, ஒரு மருத்துவர் மூட்டுக்குள் வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்டு மருந்தை ஊசியாகப் போடலாம் என்கிறார். இன்னொருவர் முதலில் பிசியோதெரபி செய்யச் சொல்கிறார். எதை முதலில் செய்வது என்பதை விவரம் தெரிந்தவர்கள் காரணத்தோடு சொல்லுங்கள்.

பாளை பிசியோ:
உடற்பயிற்சிதான் முதலில், அக்கா. இதே கேள்வியை நேருக்கு நேர் சோதித்த ஆய்வு ஒன்று அமெரிக்க ராணுவ மருத்துவமனைகளில் நடந்து, 2020-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளிவந்தது. 156 பேரில் ஒரு பாதியினருக்கு ஸ்டீராய்டு ஊசியும் மறுபாதியினருக்குப் பிசியோதெரபியும் தரப்பட்டன. வலி, விறைப்பு, அன்றாட வேலைகளில் படும் சிரமம் ஆகிய மூன்றையும் சேர்த்து 240 வரை மதிப்பிடும் அளவுகோலில் இரு பிரிவினரும் தொடக்கத்தில் 108-ஐ ஒட்டியே இருந்தார்கள். ஓராண்டு முடிவில் ஊசிப் பிரிவு 55.8-க்கும் பிசியோதெரபிப் பிரிவு 37-க்கும் இறங்கின. எண் குறையக் குறையச் சிரமம் குறைவு என்று பொருள்.

காரணமும் புரிந்துகொள்ளக் கூடியதுதான். முழங்காலில் தேய்வது, எலும்பு முனைகளை மெத்தைபோல் மூடியிருக்கும் குருத்தெலும்பு. அதற்கு ரத்தக் குழாய் கிடையாது. மூட்டு அழுந்தி விடுபடும்போது சுற்றியுள்ள மூட்டு நீரிலிருந்துதான் அதற்கு ஊட்டம் போகிறது. வலிக்கு அஞ்சி அசையாமல் உட்கார்ந்தால் தொடையின் முன்தசை மெலிகிறது. தசை மெலிந்தால் உடலின் பாரத்தைத் தாங்கும் வேலையில் மூட்டுக்குத் துணை குறைகிறது. ஊசி இந்த மெலிவைத் தொடுவதே இல்லை.

அம்பை வயல்காரன்:
அண்ணாச்சி, அந்த ஆய்வில் ஊசி போட்டவர்களுக்கும் சிரமம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருக்கிறதே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? பிசியோதெரபிப் பிரிவில் இருந்தவர்களும் வீட்டில் தாங்களாகக் காலை நீட்டி மடக்கித் தேறியவர்கள் அல்லர். தேர்ந்தவர்கள் கையால் மூட்டை அசைத்துத் தளர்த்திவிட்டார்கள், மாதக் கணக்கில் மீண்டும் அழைத்துப் பார்த்தார்கள். அந்த வசதி பாபநாசத்துக்கும் அம்பைக்கும் இடையில் வயலில் நிற்கும் பெண்களுக்கு எங்கே இருக்கிறது?

என் மதினிக்குப் பிசான நடவு நேரத்தில் ஒரு முட்டு நீர் கோத்து, சேலையைத் தூக்கிப் பார்த்தால் முட்டின் வடிவமே தெரியாத அளவுக்கு வீங்கியிருந்தது. நீரை எடுத்து ஊசி போட்டபின் ஒரு வாரத்துக்குள் படியேறினார். அந்த நிலையில் இருப்பவரிடம் தொடையை இறுக்கிப் பயிற்சி செய் என்று சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. கூலிக்குப் போகிறவருக்கு வலி இன்றைக்குக் குறைய வேண்டும்.

பாளை பிசியோ:
வீங்கி நீர் கோத்த மூட்டுக்கு ஊசி உதவும் என்பதை நான் மறுக்கவில்லை. அந்த உதவி எத்தனை நாள் என்பதே என் கேள்வி. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் என்ற அமைப்பு 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இந்த ஊசியின் நிவாரணம் 2 முதல் 10 வாரம் வரைதான் என்று நோயாளிக்கு விளக்கச் சொல்கிறது. உடற்பயிற்சியைத் தொடங்கத் துணையாக வேண்டுமானால் பயன்படுத்தலாம் என்கிறது. வலி திரும்பியதும் மறுபடி ஊசி என்று போனால் வேறு ஆபத்து இருக்கிறது. 2017-இல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வந்த ஆய்வில், 12 வாரத்துக்கு ஒருமுறை என்று 2 ஆண்டுகள் ஸ்டீராய்டு ஊசி பெற்றவர்களுக்கு, மருந்தில்லாத வெறும் உப்புநீர் ஊசி பெற்றவர்களைவிடக் குருத்தெலும்பு கூடுதலாகத் தேய்ந்தது. வலியிலோ இரு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. தேய்மானத்துக்கு என்று போடும் மருந்தே தேய்மானத்தைக் கூட்டுமென்றால், அதைப் பழக்கமாக்கிக்கொள்வது தகாது.

அம்பை வயல்காரன்:
ஆய்வுகளையே பேசுவோம் என்றால், டென்மார்க்கில் 206 பேரிடம் நடந்ததையும் சொல்லுங்கள். ஒரு பிரிவுக்கு 8 வாரம் உடற்பயிற்சியும் நோய் பற்றிய விளக்கமும். மறு பிரிவுக்கு, இது வெறும் உப்புநீர்தான் என்று சொல்லியே மூட்டில் ஊசி. முடிவில் வலி குறைந்ததில் இரு பிரிவுக்கும் வேறுபாடு இல்லை. உப்புநீரை வெல்ல முடியாத பயிற்சியை முதல் மருத்துவம் என்று எப்படி நிறுத்துவீர்கள்?

பாளை பிசியோ:
நியாயமான கேள்வி, தம்பி. ஆனால் அதே கத்தி ஊசியையும் வெட்டுகிறது: வெறும் உப்புநீரே அவ்வளவு நிம்மதி தருமென்றால், ஸ்டீராய்டு ஊசியால் வந்தது என்று நாம் நம்பும் நிவாரணத்திலும் ஒரு பங்கு ஊசி போட்டுக்கொண்ட நம்பிக்கையால் வந்ததுதான். 8 வாரம் தசை வலுப்பெறும் கணக்கில் தொடக்கம் மட்டுமே என்பதையும் பார்க்க வேண்டும்.

தச்சநல்லூர் செவிலி, ஓய்வு:
கேட்ட மகளின் தாயாருக்குச் சர்க்கரை உண்டு என்பதை இருவரும் கடந்து போகிறீர்கள். மூட்டில் போடும் ஸ்டீராய்டும் உடலுக்குள் பரவிச் சில நாட்களுக்குச் சர்க்கரையை ஏற்றும். ஊசி என்று முடிவானால் அந்நாட்களில் சர்க்கரையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். போட்ட மூட்டு சிவந்து, கொதித்து, காய்ச்சலும் வந்தால் மறுநாள் வரை காத்திருக்கவே கூடாது. மூட்டு மாற்று அறுவைக்கு நாள் குறித்திருப்பவர்கள், அதற்கு முந்தைய 3 மாதங்களில் இந்த ஊசியைத் தவிர்ப்பது நல்லது. கிருமித் தொற்று வரும் வாய்ப்பு கூடுகிறது.

மூட்டு நீர் போன்ற வழுவழுப்பான மருந்தை ஏற்றும் ஜெல் ஊசி, நோயாளியின் ரத்தத்திலிருந்தே தட்டணுக்களைச் செறிவாகப் பிரித்துப் போடும் பி.ஆர்.பி. ஊசி என்று பெருந்தொகை கேட்கும் இடங்களும் உண்டு. ஜெல் ஊசியை நைஸ் வழிகாட்டுதல் வேண்டாம் என்றே சொல்கிறது. பி.ஆர்.பி.யை 2021-இல் ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் சோதித்தபோது, ஓராண்டில் உப்புநீரைவிட அது வலியைக் குறைக்கவில்லை. நகையை அடகு வைத்து அதற்குப் போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அம்பை வயல்காரன்:
செவிலி அம்மா சொல்வதை ஏற்கிறேன். ஆனால் வீங்கிய முட்டுக்கு ஊசியைத் தள்ளிப்போடச் சொல்வதை இன்னும் ஏற்க மாட்டேன். தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021-இல் வந்தபின் வீட்டுக்கே பிசியோதெரபி வருகிறது என்பார்கள். எழுந்து நடமாடுகிறவர் வீட்டுக்கு அவர்கள் எத்தனை முறை வர முடியும்?

பாளை பிசியோ:
வீங்கிய முட்டுக்கு மருத்துவர் பார்த்து ஒருமுறை போடட்டும். அந்த வலியற்ற வாரங்களை வீணாக்காமல் பயிற்சியைத் தொடங்கட்டும் என்கிறேன். அதற்கு நாள்தோறும் ஆள் வர வேண்டியதில்லை, ஒருமுறை கண்ணெதிரே செய்து பழகினால் போதும். சுருட்டிய துண்டை முட்டுக்கு அடியில் வைத்து, தொடைத் தசை இறுகும்படி கீழே அழுத்தி, ஐந்து வரை எண்ணி விட வேண்டும். பிறகு, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து மெதுவாக உட்கார வேண்டும். பீடி சுற்றுகிறவர் சுளகை ஒரு மேசையில் வைத்து நாற்காலிக்கு மாறினால், முட்டு முழுக்க மடங்கிக் கிடக்கும் நேரம் குறையும். செய்யும்போது சற்று வலிக்கலாம். மறுநாள் காலையிலும் அந்த வலி கூடுதலாகவே நின்றால், அன்றைக்கு எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும், பயிற்சியை நிறுத்தக் கூடாது.