டி51 நீராவி எஞ்சின் மாதிரியைச் சென்னையில் ஓட்டுவது குறித்து

கேள்வி (பெசன்ட் நகர்):
ஜப்பானிலிருந்து 1:150 அளவிலான, காட்டோ நிறுவனத்தின் டி51 மாதிரியை வரவழைத்துள்ளேன். அதற்குரிய 100 வோல்ட் கட்டுப்பாட்டுப் பெட்டியை நம் வீட்டு மின்சாரத்தில் நேரடியாக இணைக்கலாமா? நண்பர் வீட்டுத் தண்டவாளத்தில் எஞ்சின் விட்டுவிட்டு ஓடியதற்குக் காரணம் என்ன?

பதில் (பெரம்பூர்):
நேரடியாக இணைக்கவே வேண்டாம்; 230 வோல்ட்டில் பெட்டி கருகிவிடும். 100 வோல்ட்டாகக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் அவசியம். தண்டவாளத்துக்குச் செல்வது அதிகபட்சம் 12 வோல்ட் நேர்மின்சாரம்தான்.

பதில் (திருவான்மியூர்):
எஞ்சின் தண்டவாளத்திலிருந்தே சக்கரங்களின் வழியாக மின்சாரத்தைப் பெறுவதால், மெல்லிய அழுக்குப் படலம் கூட ஓட்டத்தைத் தடுத்துவிடும். கடலோரக் காற்றில் அது விரைவாகவே படிகிறது. ஐசோபுரொபைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சு உதிராத துணியால் தண்டவாளத்தைத் துடைத்தால், துணியில் கருங்கோடு விழுவதை நீங்களே காணலாம். சக்கரங்களையும் அவ்வாறே துடையுங்கள். உப்புத்தாளைத் தயவுசெய்து தொடாதீர்கள். அதன் கீறல்களில்தான் அழுக்கு மேலும் தங்கும்.

பதில் (தாம்பரம்):
அருமையான தேர்வு. 1936 முதல் 1945 வரை ஜப்பானிய அரசு ரயில்வேக்காக 1,115 எஞ்சின்கள் கட்டப்பட்ட வகை இது. நம் மீட்டர் கேஜில் ஓடிய ஒய்ஜி வகை நீராவி எஞ்சினுக்கும் இதே 2-8-2 சக்கர அமைப்புத்தான் (முன்னே 2, நடுவே 8 இயக்குச் சக்கரங்கள், பின்னே 2). டி51 ஓடிய அசல் ஜப்பானியப் பாதையின் அகலம் 1,067 மி.மீ. என்பதால் 1:150 கணக்கில் சுமார் 7 மி.மீ. வர வேண்டும், ஆனால் மாதிரி 9 மி.மீ. பாதையில் ஓடுவதால், முன்னிருந்து பார்க்கையில் சற்று அகன்றே தெரியும். பக்கவாட்டில் பார்த்தால் இணைப்புத் தண்டுகளின் அசைவு மனத்தை அள்ளும்.