அக்டோபரில் ஆன் ஆர்பர் போகிறீர்களா? முதலில் மேட்ச் தேதியைப் பாருங்கள்

டெட்ராய்ட் பக்கம் புதிதாகக் குடிவந்தவர்கள், ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தால், இலை நிறம் மாறும் சமயத்தில் கூட்டிக்கொண்டு போகும் இடம் ஆன் ஆர்பர். தாராளமாகப் போங்கள். ஆனால் வண்டியை எடுப்பதற்கு முன் மிச்சிகன் பல்கலைக்கழக ஃபுட்பால் அணிக்கு அந்தச் சனிக்கிழமை உள்ளூரில் ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபுட்பால் என்றால் நம் கால்பந்து இல்லை, முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவார்களே, அது.

நான் பார்க்காமல் போனேன். நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதும் வண்டி நகரவே இல்லை. வழியெல்லாம் வீட்டுக்காரர்கள் கையில் அட்டையோடு நின்று தங்கள் புல்வெளியில் நிறுத்தச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், வேறு வழியில்லாமல் ஒரு வீட்டு வாசலில் 50 டாலர் அழுதேன். அப்பா இறங்கிப் பார்த்துவிட்டு, "நம்மூர்த் தேருக்குச் சைக்கிள் ஸ்டாண்டு போடுவானுங்களே, அதேதான்" என்றார்.

தேர்க்கூட்டம் என்பதில் தப்பே இல்லை. 1927-ல் திறந்த அந்த ஸ்டேடியத்தில் 1,07,601 பேர் உட்காரலாம், ஊர் ஜனத்தொகையே சுமார் 1,24,000தான். அன்று மோதியது பக்கத்து மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழக அணி. அவர்கள் நிறம் பச்சை. அப்பா போட்டிருந்தது அம்மா பின்னிய பச்சை ஸ்வெட்டர். எதிரே வந்த பெரியவர் ஒருவர் இவரைப் பார்த்துக் குஷியாக "கோ கிரீன்!" என்று கத்த, அப்பா என்னிடம் மெதுவாக, "மரம் நடச் சொல்றாரா?" என்று கேட்டார். அதற்கு மறுமொழியாக "கோ வைட்" என்று சொல்ல வேண்டுமாம், எனக்கே அப்புறம்தான் தெரிந்தது. மற்ற நாட்களில் யாராவது உள்ளூர் அணியின் நீல நிறத்தைச் சொல்லி "கோ ப்ளூ" என்றால் நீங்களும் அதையே திருப்பிச் சொன்னால் போதும்.

ஒரு சிக்கல், ஆட்டத் தேதி முன்பே தெரிந்தாலும் தொடங்கும் நேரத்தை டிவிக்காரர்கள் பல சமயம் இரண்டு வாரம் முன்புதான் சொல்வார்கள், சில சமயம் ஆறே நாள் முன்பு. அதனால் "காலையில் போய் ஆட்டத்துக்கு முன் திரும்பிவிடலாம்" என்றெல்லாம் கணக்குப் போடாதீர்கள். ஹோட்டல் வாடகையும் அந்த வாரக்கடைசியில் எகிறிவிடும். ஞாயிற்றுக்கிழமை போங்கள், அல்லது அணி வெளியூர் போயிருக்கும் சனிக்கிழமை.

ஆட்டம் இல்லாத நாளில் அதே ஊர் வேறு மாதிரி. வளாகத்தின் நடுவே டயாக் என்ற திறந்தவெளியில் தரையில் பித்தளை 'எம்' ஒன்று பதித்திருக்கிறது. முதல் பரீட்சை எழுதுவதற்கு முன் அதை மிதிக்கும் புதுமாணவன் ஃபெயில் என்று ஒரு நம்பிக்கை, பிள்ளைகள் சுற்றிக்கொண்டு போவதை நின்று பார்க்கலாம். பிள்ளையாருக்குச் சிதறுகாய் உடைத்துவிட்டுப் பரீட்சைக்குப் போன நமக்கு இது புரியாதா என்ன.

மரங்களுக்கு நிக்கல்ஸ் ஆர்போரீட்டம், அனுமதி இலவசம். ஆற்றை நோக்கி இறங்குவது சுகம், ஏறி வருவதுதான் பாடு. அம்மாவுக்கு முட்டி வலி இருந்தால் அதை விட்டுவிட்டு கேலப் பூங்காவுக்குப் போங்கள், அங்கே ஹியூரான் ஆற்றை ஒட்டிச் சமதளமான தார்ப்பாதை. அக்டோபர் நடுவிலிருந்து கடைசி வரை நிறம் நன்றாக இருக்கும். காலையில் 5 டிகிரி, மதியம் 18 என்று விளையாட்டுக் காட்டும், ஆகவே ஒரே கனமான கோட்டுக்குப் பதிலாகக் கழற்றிப் போட வசதியாக இரண்டு மூன்று அடுக்கு.

மேற்கே பத்து மைலுக்குள் டெக்ஸ்டர் சைடர் மில், 1886-லிருந்து ஆப்பிள் பிழிகிறார்கள். சைடர் என்றதும் பெரியவர்கள் மது என்று பயப்படுவார்கள். இங்கே அது வடிகட்டாத ஆப்பிள் சாறுதான், 'ஹார்ட்' என்று போட்டிருந்தால் மட்டும் போதை. சைடரோடு அங்கே விற்கும் டோனட்டில் முட்டை உண்டா என்று சைவக்காரர்கள் கேட்டுக்கொள்ளுங்கள்.

நவம்பர் முதல் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள், பிறகு ஐந்தரைக்கெல்லாம் இருட்டு. அக்டோபர், நவம்பர் மாதங்களில் மான்கள் சாலைக்குக் குறுக்கே பாயும். ஒன்று தாண்டிப் போனதும் காலை பிரேக்கிலிருந்து எடுத்துவிடாதீர்கள், பின்னாலேயே இன்னொன்று வரும்.