லத்தீனுக்கு முன் எந்த முன்னிடைச்சொல்?

வணக்கம். பத்துக் குறள்களை லத்தீனில் மொழிபெயர்த்திருக்கிறேன். மூன்று வாரமாகத் தலைப்புப் பக்கத்திலேயே நிற்கிறேன். 'தமிழிலிருந்து லத்தீனில் பெயர்க்கப்பட்டவை' என்ற ஒரே வரிதான் சிக்கல்.

முதலில் 'இன் லிங்குவா லத்தீனா' ('லத்தீன் மொழியில்') என்று எழுதினேன். அது இடத்தைக் குறிக்கும் வேற்றுமை, பெயர்ப்புக்குப் பொருந்தாது என்று ஆசிரியர் அடித்துவிட்டார். நம் 'இல்' உருபு இரண்டு வேலையையும் செய்வதால் எனக்கு அது உறைக்கவே இல்லை. 'இன்' என்ற முன்னிடைச்சொல்லோடு (பெயருக்கு முன் நின்று நம் உருபுபோல் வேலை செய்யும் சொல்) இரண்டாம் வேற்றுமை வந்தால்தான் 'லத்தீனுக்குள்' என்ற நகர்வு கிடைக்கும்.

பிறகு பழைய ரோமானிய எழுத்தாளர் சிசெரோவைப் புரட்டினேன். கடமைகள் பற்றிய நூலின் 2ஆம் பகுதியில், கிரேக்க எழுத்தாளர் செனபோனின் நூலை 'ஏ கிரைக்கோ இன் லத்தீனும்' ('கிரேக்கத்திலிருந்து லத்தீனுக்குள்') பெயர்த்ததாக அவரே சொல்கிறார். அழகான தொடர்! அதைப் பின்பற்றி 'ஏ தமூலிக்கோ இன் லத்தீனும் வெர்சா' என்று மாற்றினேன். இப்போது உடன் படிப்பவர் ஒருவர், முன்னிடைச்சொல்லே வேண்டாம், 'லத்தீனே' ('லத்தீனில்') என்ற லத்தீன் வினையடை போதும் என்கிறார். லத்தீனில் பேசுவதற்கும் எழுதுவதற்கும் அது சரி என்று தெரியும். அகராதியில் இரண்டுமே இருக்கின்றன.

வரும் வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். 'ஏ தமூலிக்கோ' என்று மூலமொழியையும் சேர்த்துச் சொல்லும் தலைப்பு வரியில் 'இன் லத்தீனும்' வர வேண்டுமா, 'லத்தீனே' வர வேண்டுமா?