சனி, ஞாயிறு மைசூர்: அம்மா, குழந்தைகளோடு போகிறோம், எதைப் பார்க்கலாம், எதை விடலாம்?

கொங்கு வழிப்போக்கன்:
ஈரோட்டிலிருந்து சத்தி, திம்பம், சாம்ராஜ்நகர் வழியாகக் காரில் போகிறோம். நான், மனைவி, ஆறாவது படிக்கும் மகள், மூன்றாவது படிக்கும் மகன், எழுபதைத் தாண்டிய அம்மா. அம்மாவுக்கு முட்டி வலி, நடப்பார், ஆனால் படி என்றால் சிரமம். சனி காலை கிளம்பி ஞாயிறு இரவுக்குள் வீடு திரும்பலாம் என்று நினைப்பு. அரண்மனை, சாமுண்டி மலை, மிருகக்காட்சி சாலை, பிருந்தாவன் தோட்டம், ஸ்ரீரங்கப்பட்டணம் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. மகளுக்கு ராஜா ராணி கதைகளில் பயங்கர ஆர்வம், அதனால் அரச சம்பந்தமான இடங்களுக்கே முன்னுரிமை. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

மலைப்பாதை:
முதலில் ஞாயிறு இரவே திரும்பும் யோசனையை விடுங்கள். அரண்மனைக்கு விளக்கு போடுவது ஞாயிற்றுக்கிழமையும் அரசு விடுமுறை நாட்களிலும்தான், மாலை 7 மணி வாக்கில். ஏறக்குறைய ஒரு லட்சம் பல்பு ஒரே நொடியில் எரியும்போது கூட்டம் மொத்தமும் 'ஓ' என்று கத்தும், அதைப் பார்க்காமல் திரும்பினால் குழந்தைகளுக்குப் பெரிய நஷ்டம். பார்த்துவிட்டுக் கிளம்பினால் திம்பம் வர ராத்திரி ஆகிவிடும். அது புலிகள் காப்பகம், இரவில் வாகனங்களுக்குக் கட்டுப்பாடு இருக்கிறது, 27 கொண்டை ஊசி வளைவு வேறு. திங்கட்கிழமை பள்ளிக்கு ஒரு நாள் லீவு சொல்லிவிட்டு காலையில் நிதானமாக இறங்குங்கள்.

பழைய கோட்டை:
பிருந்தாவனை நான் வெட்டிவிடுவேன். அணையும் தோட்டமும் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் ஒரு மாலை முழுதும் போய்விடும், உங்கள் மகள் தேடுவது அங்கே இல்லை. அந்த நேரத்தையும் அரண்மனைக்கே கொடுங்கள். பெரும்பாலோர் தர்பார் மண்டபத்தில் ஒரு போட்டோ எடுத்துவிட்டு வெளியே வந்துவிடுகிறார்கள், எனக்கு அதைப் பார்க்கவே மனசு கேட்பதில்லை. கல்யாண மண்டபத்தில் நின்று மேலே பாருங்கள், கூரைக் கண்ணாடி முழுக்க மயில், அதைத் தாங்கும் இரும்புத் தூண்கள் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் வார்த்துக் கப்பலில் வந்தவை. சுற்றுச்சுவரில் தசரா ஊர்வல ஓவியங்கள் வரிசையாக இருக்கும். யானை, குதிரை, பேண்டு வாத்தியம், வேடிக்கை பார்க்கும் ஜனம் என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே போனால் பிள்ளைகள் நகரவே மாட்டார்கள்.

மகளுக்குச் சொல்ல ஒரு கதையும் இருக்கிறது. இதற்கு முன்பு அங்கே இருந்தது மர அரண்மனை. 1897இல் இளவரசி ஜயலட்சம்மண்ணியின் கல்யாண சமயத்தில் தீப்பிடித்து எரிந்துபோனது. அப்போது ராஜா கிருஷ்ணராஜர் சின்னப் பையன், பொறுப்பில் இருந்தவர் அவருடைய அம்மா, மகாராணி கெம்பநஞ்சம்மண்ணி. புது அரண்மனையைக் கட்டும் வேலையைக் கட்டடக் கலைஞர் ஹென்றி இர்வினிடம் ஒப்படைத்ததும் அவர்தான், 1912இல் முடிந்தது. சென்னையில் எழும்பூர் ரயில் நிலையத்துக்கு வரைபடம் போட்டவரும் அதே இர்வின்தான், அதனால் அந்தக் கும்மட்டங்களைப் பார்த்தால் நமக்கு எங்கோ பார்த்த மாதிரி இருக்கும்.

வேங்கைமரம்:
ஸ்ரீரங்கப்பட்டணத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள், இருபது கிலோமீட்டருக்குள்தான். அதிலும் தரியா தௌலத் பாக், திப்புவின் கோடை மாளிகை. வெளியிலிருந்து பார்த்தால் பச்சைத் திரை தொங்கும் சாதாரணக் கட்டடம், திரைக்குப் பின்னால் போனால் சுவர் முழுக்கப் போர் ஓவியம். நம் காஞ்சிபுரம் பக்கத்துப் புள்ளலூரில் 1780இல் ஹைதரும் திப்புவும் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையைத் தோற்கடித்த சண்டை அது. அந்தப் படையின் தளபதி கர்னல் பெய்லி அடிபட்டுப் பல்லக்கில் உட்கார்ந்திருப்பார், அவரைச் சுற்றி சதுரம் கட்டி நிற்கும் சிவப்புச் சட்டை சிப்பாய்களுக்கு நடுவில் வெடிமருந்து வண்டி வெடித்துக்கொண்டிருக்கும். பையனிடம் அந்த வண்டியைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அப்புறம் கோட்டைக்குள் திப்பு 1799 மே 4 அன்று விழுந்து கிடந்த இடம், ரங்கநாதர் கோயில் எல்லாமே கிட்டக்கிட்ட, கார் போகும், அம்மாவுக்கு அலைச்சல் இல்லை.

கொங்கு வழிப்போக்கன்:
புள்ளலூர் என்றதும் ஆச்சரியமாகிவிட்டது, நன்றி. சரி, திங்கள் லீவு போடுகிறேன். அம்மாவுக்கு அரண்மனையும் சாமுண்டி மலையும் சரிப்படுமா? தசராவுக்குப் போவது நல்லதா?

மலைப்பாதை:
சாமுண்டி மலைக்கு ஆயிரம் படி இருக்கிறது என்று பயப்பட வேண்டாம், உச்சி வரை சாலை உண்டு, பெரிய நந்தி வரைக்கும்கூடக் கார் போகும். அரண்மனையில் செருப்பைக் கழற்ற வேண்டும், தர்பார் மண்டபத்துக்கு மாடி ஏற வேண்டும். காலையில் திறந்தவுடன் 10 மணிக்கே போய்விட்டால் கூட்டம் குறைவாக இருக்கும், அம்மா நிதானமாக ஏறலாம், தரையும் சுடாது.

தசராவில் இரவுதோறும் விளக்கு எரியும், ரத்தின சிம்மாசனத்தை எடுத்து வைப்பதும் அப்போதுதான், கடைசி நாள் தங்கத் தகடு போர்த்திய 750 கிலோ அம்பாரியில் சாமுண்டேஸ்வரி யானை மேல் வருவாள். உங்கள் மகளுக்கு அது சொர்க்கம். ஆனால் முட்டி வலியோடு அந்த நெரிசலில் அம்மாவை நிறுத்துவது பாவம். இந்தமுறை சாதாரண வாரக்கடைசியில் எல்லோரும் போய் வாருங்கள், தசராவுக்கு மகளை மட்டும் தனியாகக் கூட்டிப் போங்கள், ரூமை மட்டும் ரொம்ப முன்னாடியே போட்டுவிடுங்கள்.