2017-இல் வாங்கிய வீட்டுக் கணினி மிகவும் மந்தமாகிவிட்டது: புதிது வாங்காமல் சரிசெய்ய முடியுமா?

கேள்வி (செல்லூர், மதுரை)

வணக்கம். எங்கள் மேசைக் கணினியில் 7-ஆம் தலைமுறை ஐ3 புராசஸரும் 4 ஜி.பி. ரேமும் 1 டி.பி. ஹார்ட் டிஸ்கும் உள்ளன. விண்டோஸ் 10 இயங்குகிறது. காலையில் இயக்கினால் டெஸ்க்டாப் தெரியவே ஐந்து நிமிடங்களுக்கு மேல் ஆகிறது. பிற்பகலில் உள்ளே இருக்கும் மின்விசிறி பெரும் இரைச்சலோடு சுழல, மகள் கல்லூரிப் பாடங்களுக்காகத் திறக்கும் பக்கங்கள் நின்று நின்று நகர்கின்றன. கடையில் திறந்துகூடப் பார்க்காமல் புதிது வாங்கச் சொல்லிவிட்டார்கள். தறி வருமானத்தில் இப்போது அது இயலாது. பழுது எங்கே என்று கண்டறிய வழி சொல்லுங்கள்.

பதில் (திருமங்கலம்)

ஐயா, தாங்கள் சொல்வது இரண்டு வெவ்வேறு கோளாறுகள் என்று நினைக்கிறேன். காலை மந்தத்துக்கு ஹார்ட் டிஸ்கும் பிற்பகல் மந்தத்துக்குச் சூடும் காரணமாக இருக்கலாம். கணினி திணறும்போது கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, டிஸ்க், மெமரி (ரேம்) ஆகிய இரண்டின் விழுக்காட்டையும் பாருங்கள். ரேம் நிறைந்துவிட்டால் விண்டோஸ் ஹார்ட் டிஸ்கின் ஒரு பகுதியையே நினைவகமாகப் பயன்படுத்துவதால், ஏற்கெனவே மெதுவான டிஸ்கின் மேல் இரட்டைச் சுமை விழுகிறது. சுழலும் தட்டில் தேடிப் படிக்கும் ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 100 முதல் 150 எம்.பி. வரை தரும், சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளில் சேமிக்கும் சாதாரண சாட்டா வகை எஸ்.எஸ்.டி.யோ 500 எம்.பி. அளவுக்குத் தரும், தேடும் தாமதமும் அதில் இல்லை. ஆகவே முதல் செலவு 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி.க்கு, அடுத்தது இன்னொரு 4 ஜி.பி. ரேமுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். டி.டி.ஆர்.3, டி.டி.ஆர்.4 என்னும் ரேம் வகைகள் ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. பழைய ரேமைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

பதில் (வில்லாபுரம்)

அண்ணே, நானும் தறி வீட்டில் வளர்ந்தவள்தான். மின்னிணைப்பைப் பிடுங்கிவிட்டுக் கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றிப் பாருங்கள். எங்கள் கணினியில் புராசஸரின் மேல் சூட்டை வெளியேற்ற வைத்திருக்கும் உலோகப் பாகமான ஹீட் சிங்க்கின் இடுக்குகளைப் பஞ்சு மூடி, அடை போல ஒரே துண்டாக உரிந்து வந்தது. காற்றுப் புகாவிட்டால் புராசஸர் கருகாமல் இருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மின்விசிறியை விரலால் பிடித்துக்கொண்டு மென்மையான தூரிகையால் துடையுங்கள். ஹீட் சிங்கைக் கழற்ற நேர்ந்தால் சூட்டைக் கடத்தும் பசையான பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுத் துவரம்பருப்பு அளவு புதிதாக வையுங்கள். தூசுக்குப் பயந்து துணி போர்த்துவது நம் வீடுகளில் வழக்கம். இயங்கும்போது அதைக் கட்டாயம் எடுத்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்

தங்கச்சி சொன்னபடியே பஞ்சு வந்தது. இரைச்சல் பாதியாகக் குறைந்துவிட்டது. ஆனால் டிஸ்க் 100 விழுக்காட்டிலேயே நிற்கிறது. அவ்வப்போது 'டக் டக்' என்று ஒலியும் வருகிறது.

பதில் (திருமங்கலம்)

அந்த ஒலி ஹார்ட் டிஸ்க் பழுதாகி வருவதன் அறிகுறியாக இருக்கலாம். அது கேட்டால் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, மகளின் பாடக் குறிப்புகளையும் குடும்பப் படங்களையும் இன்றே வேறொரு டிஸ்கில் நகலெடுங்கள். பிறகு எஸ்.எஸ்.டி.யில் இயங்குதளத்தைப் புதிதாகவே நிறுவுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. தங்கள் புராசஸர் விண்டோஸ் 11 ஏற்கும் புராசஸர்களின் பட்டியலிலும் இல்லை. ஆகவே விண்டோஸுக்குப் பதிலாக இயங்கும் கட்டணமில்லாத இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டை நிறுவுவதே நல்லது. பிரவுசரும் தமிழ்த் தட்டச்சும் அதில் உண்டு. மகளின் கல்லூரி ஏதேனும் விண்டோஸ் மென்பொருளைக் கேட்கிறதா என்பதை மட்டும் முன்னதாக விசாரித்துக்கொள்ளுங்கள்.